ஒரே துணி, இரண்டு குப்பம்

1975 பிப்ரவரி 3, திங்கள்

பனி. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டித்தான் வெயில். மகாபலிபுரத்தில் இறங்கிப் போனால், மாணிக்கம் அண்ணன் கலைக்கூடத்தைத் திறந்து, பெருக்கி, டீயும் குடித்தாயிற்று. காவல்காரர், பியூன், தோட்டக்காரர் எல்லாம் அவரே. மிச்ச வேலை எல்லாம் நான்.

கண்காட்சித் திறப்பு 16, ஞாயிறு. மெட்ராஸ் ஓவியர்களின் படங்கள் கிழக்குச் சுவருக்கு. மேற்குச் சுவர் காலி. உப்புக் கிடங்காக இருந்த கட்டடம். சுவர் நீளமோ நீளம்.

யோசனை: வகுப்புக்கு வரும் மீன்காரப் பெண்களே வரையட்டும். சுவர் முழுக்க ஒரே காடாத்துணி. டெய்லரிடம் தைக்கக் கொடுத்தாயிற்று.

சிக்கல்: தெற்குக் குப்பத்துப் பெண்களுக்குச் செவ்வாய் வகுப்பு, வடக்குக் குப்பத்துக்கு வியாழன். ஒன்றாக வரமாட்டார்கள். நாலு வருடம் முன்பு வலை அறுந்ததில் கடலிலேயே அடிதடி. ஒருவருக்குக் கை முறிந்தது. அதிலிருந்து கல்யாணம், சாவு எதற்கும் போக்குவரத்து கிடையாது. மீறிப் பேசினால் ஊர் தள்ளிவைத்துவிடும்.

அதனால் தெற்கு இடது ஓரத்திலிருந்து வரையும், வடக்கு வலது ஓரத்திலிருந்து.

"நடுவுல வந்து முட்டிக்கினா இன்னா பண்ணுவ, டீச்சரம்மா?" மாணிக்கம் அண்ணன்.

"அப்ப பாத்துக்கலாம்ணே."

பிப்ரவரி 4, செவ்வாய்

பொடிக்கலரில் கலக்க வச்சிரம் காய்ச்ச வேண்டும். தச்சர்கள் மரம் ஒட்டுகிற பசைக்கட்டி. மாணிக்கம் அண்ணனை அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து வாழை இலையில் சுற்றிக்கொண்டு வந்தார். முழு வஞ்சிர மீன்!

"பிரெஷ்ஷா கீது டீச்சரம்மா. இப்பதான் கரைக்கு வந்துச்சு."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அஞ்சலை அக்கா அங்கேயே அரிந்து, பின்பக்க அடுப்பில் குழம்பு வைத்துவிட்டாள். பசை காய்ச்ச வைத்திருந்த சட்டியில். சாப்பிட்டுவிட்டுத்தான் வேலை. வச்சிரம் நானே போய் வாங்கினேன்.

இடது ஓரத்தில் இன்று: கட்டுமரம், பனைமரம், லைட் ஹவுஸ் (சாய்ந்திருக்கிறது, யாரும் ஒப்புக்கொள்ளவில்லை). செல்வி ஒரு நண்டு போட்டாள். துணியை விட்டு ஓடிவிடும் போல இருக்கிறது. அவள் பெண் மல்லிகா, மூன்று வயது, என் முந்தானையில் மஞ்சள் கலர் துடைத்தாள்.

போகும்போது செல்வி மெதுவாக, "வியாயக்கெயமை யாரு யாரு வராங்க டீச்சர்?"

பேர் பேராகச் சொன்னேன். பாக்கியம் என்றதும் தூரிகை அலசப் போனாள். அலசிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

வடக்குக் குப்பத்தின் நாள். பாக்கியம் அம்மா உள்ளே வந்தாலே கூடம் சின்னதாகிவிடும், அப்படிக் குரல். வந்ததும் தன் ஓரத்துக்குப் போகாமல் நேராக இடது ஓரத்துக்கு.

"இந்த நண்ட யாரு போட்டது?"

"செல்வி."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "காலு கோணலா கீது" என்றாள். ஒரு விரலால் அதன் ஓட்டைத் தடவினாள். அப்புறம் வலது ஓரத்துக்குப் போய் மீன் கூடை வரைய ஆரம்பித்துவிட்டாள். அன்று முழுக்கச் சத்தமே இல்லை.

எல்லோரும் போனபின் மாணிக்கம் அண்ணன்: "நண்டு போட்டவ இவ பொண்ணும்மா. சண்டைக்கு ரெண்டு மாசம் முன்னதான் தெற்க கட்டிக்குடுத்தாங்க. மார்க்கெட்டுல தூரக்க நின்னு பாத்துக்கிறதோட சரி. பேத்தியத் தொட்டதே இல்ல."

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் ஒன்றும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோயில். பிரசங்கம் நீளம். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். கூடுவாஞ்சேரி மாப்பிள்ளை, ரயில்வே வேலை.

"ஸ்டெல்லா, படம் போட்டுகினே இருந்தா எவன் கட்டுவான்?"

"படம் பாக்கத் தெரிஞ்சவன்."

அப்பா பேப்பருக்குப் பின்னால் சிரித்தார்.

துணி வெளுக்க வேண்டும். முந்தானையில் மல்லிகாவின் மஞ்சள் கறை போகவில்லை, போகட்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

மோசமான நாள். காலையில் வடக்குத் தலைவர், கூட நாலு பேர். செருப்பை வெளியே விட்டுவிட்டு மரியாதையாகத்தான் வந்தார்.

"டீச்சர், துணிய ரெண்டா வெட்டிடு. அவுங்களுது தனி, எங்களுது தனி. ஒட்டிகினு இருந்தா ஒறவு வெச்சுகினா மாதிரி ஆயிடும்."

மத்தியானம் தெற்குத் தலைவரின் ஆள். அதே பேச்சு, வார்த்தை மாறாமல். நாலு வருடத்தில் இரண்டு குப்பமும் ஒத்துப்போன ஒரே விஷயம் என் துணியை வெட்டுவது.

கத்திரிக்கோலை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். சாப்பிடவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தெற்குப் பெண்களிடம் உள்ளதைச் சொன்னேன். நடுவில் இன்னும் இரண்டு முழம்தான் வெள்ளை.

செல்வி எழுந்தாள். "நான் வியாயக்கெயமையும் வரேன் டீச்சர். எங்க அம்மா வர்ற அன்னிக்கு."

"தள்ளிவெச்சுடுவானுங்கடி," என்றாள் ஒருத்தி.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த அஞ்சலை அக்கா வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள். "ஒருத்தி போனா தள்ளிவெப்பானுங்க. அல்லாரும் போனா? எவன் சோறாக்குவான், எவன் மீன் விப்பான்? நான் வரேன்."

அப்புறம் ஒவ்வொருத்தியாக. நான் கலர் டப்பாக்களைத் தேவையில்லாமல் எண்ணினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

எங்கிருந்து எழுத!

வடக்குப் பெண்கள் வேலையில். பாக்கியம் அம்மா இரண்டு கையிலும் நீலம். கடல் போடுகிறாள். மாணிக்கம் அண்ணன் வாசலிலிருந்து, "வராங்கோ" என்றார். தெற்குப் பெண்கள் மொத்தமாக உள்ளே. முன்னால் செல்வி, இடுப்பில் மல்லிகா.

தூரிகைகள் அந்தரத்தில் நின்றன.

பாக்கியம் அம்மா திரும்பினாள். ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாடி இப்டி எளச்சிப் பூட்ட? துன்றியா இல்லியா?"

"நீ மட்டும் இன்னா வாழுதாம்?" என்றாள் செல்வி.

பாக்கியம் அம்மா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பெயிண்ட். பிள்ளையைத் தொட முடியவில்லை, கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. செல்வி மல்லிகாவை அந்தக் கைக்குள் திணித்துவிட்டாள். வெள்ளைக் கவுன் முதுகில் பத்து நீல விரல். குழந்தை பயந்து கத்த, பாட்டி அதைவிடச் சத்தமாக அழ, சுற்றி நின்ற எல்லோரும் அழுது, பிறகு எதற்கென்று தெரியாமல் சிரித்து... நானும்தான்.

அப்புறம் சண்டை! நடுவில் போடும் மீன் எவ்வளவு பெரிசு என்று. ஒரே கூச்சல். எனக்கு அதுவும் சந்தோஷமாக இருந்தது.

அந்த நேரம் வடக்குத் தலைவர். சேதி போயிருக்கிறது. மாணிக்கம் அண்ணன் துடைப்பத்தோடு வாசலில். பாக்கியம் அம்மா, பேத்தியை இறக்காமல்: "தலைவரே, வெட்டணும்னா வந்து வெட்டு. நான் துணி முன்னாடிதான் குந்திகினு இருப்பேன்."

அவர் துணியோரமாக ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். திரும்பி வந்தார். முகம் கடுகடு.

"அல்லாம் போட்டீங்க. என் எஞ்சின் போட்டு எங்க?"

"போடுவோம் தலைவரே," என்றாள் அஞ்சலை அக்கா. தெற்குக் குப்பத்துக்காரி. "இன்னா கலரு?"

"பச்ச," என்றார். அவளுக்கே பதில்! சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் தெற்குத் தலைவரே நேரில். தன் போட்டுக்குச் சிவப்பு.

பிப்ரவரி 14, வெள்ளி

மெட்ராஸ் படங்கள் லாரியில் வந்தன. ஒரு கண்ணாடி உடைசல். மாட்ட வேண்டும், பேர் எழுத வேண்டும். திறந்துவைக்க வரும் அதிகாரிக்கு நாற்காலி இரவல். பூமாலை வேண்டாம் என்று எழுதியிருக்கிறார், நல்லவர். மாணிக்கம் அண்ணனுக்குக் காக்கிச் சட்டை இஸ்திரி.

பிப்ரவரி 16, ஞாயிறு

கூட்டமோ கூட்டம். திருவிடந்தையிலிருந்துகூட வந்திருந்தார்கள். மெட்ராஸ் படங்களைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவர்கள், மேற்குச் சுவரில் விரலை வைத்துப் பார்த்தார்கள். "தொடாதீர்கள்" அட்டையை நானே கழற்றிவிட்டேன்.

அதிகாரி ரிப்பன் வெட்டியபின் மேற்குச் சுவர் முன்னாலேயே நின்றுவிட்டார். அவருக்கு இடப்பக்கம் ஒரு தலைவர், வலப்பக்கம் ஒரு தலைவர்.

"யார் போட்டு பெரிசு?" விளையாட்டாகத்தான் கேட்டார்.

"எங்களுது," இரண்டு பேரும்.

பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து, அவரைத் தாண்டியே பேச ஆரம்பித்துவிட்டார்கள். எஞ்சின் போட்டது, வலை வாங்கியது, யார் பையன் எங்கே வேலை. அதிகாரி நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார். நான் காப்பாற்றப் போகவில்லை.

அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். அம்மா லைட் ஹவுஸ் சாய்ந்திருக்கிறது என்றாள்.

பிப்ரவரி 17, திங்கள்

திறப்பு முடிந்ததால் இன்று மட்டும் கூடத்துக்கு விடுமுறை. கணக்குப் பார்க்க நான் மட்டும் வந்தேன். கேட்டுக்கு வெளியே பாக்கியம் அம்மா. தலை வாரி, பூ வைத்து. இன்று மீன் விற்கப் போகவில்லையாம்.

"உள்ள வாங்கம்மா."

"இல்ல டீச்சர். இங்க இருந்தாதான் ரோடு தெரியும்."

வெயில் ஏறியபின் செல்வி வந்தாள், மல்லிகாவோடு. பின்னால் அவள் புருஷன், தலையில் டிரங்குப் பெட்டி, புது வேட்டி. சண்டைக்குப் பிறகு மாமியார் வீட்டுக்கு இப்போதுதான் போகிறான். கூச்சத்தில் பத்தடி தள்ளியே நடந்தான். மல்லிகா பாட்டி இடுப்புக்குத் தாவிவிட்டாள்.

நாலு பேரும் கடலோரமாக வடக்கே போனார்கள். மாடிப்படியில் ஏறி நின்று பார்த்தேன். குப்பத்துப் பிள்ளைகள் எதிரே ஓடி வந்தார்கள். காற்று இந்தப் பக்கம்தான். நன்றாகக் கேட்டது.

"மாப்ள வந்துட்டாருடோய்!"