டயர்டுக்குப் பின் வரும் சொல்

அன்புள்ள என்னவளுக்கு,

1. உன் கடிதத்தில் ஒரு பிழை.
2. வெள்ளிக்கிழமை விட்பி ரயில்.

விட்பியில் உன் தங்கை வீட்டிலிருந்து நீ, 'டயர்ட் விதவுட் யூ' என்று எழுதியிருந்தாய். நாற்பது ஆண்டு ஆங்கில இலக்கணம் நடத்தியவன் நான். டயர்டுக்குப் பின் 'ஃப்ரம்' வந்தால் உழைத்த களைப்பு, 'ஆஃப்' வந்தால் சலிப்பு. 'விதவுட்' வந்து பார்த்ததில்லை. பழக்கதோஷத்தில் அதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் 'ஆஃப்' போட்டேன்.

முட்டை கொடுக்க வந்த பக்கத்துவீட்டு மொரீன் எட்டிப் பார்த்தாள். "நல்லா திருத்துனீங்க வாத்தியாரே. நீங்க இல்லாம முடியலன்னு எழுதினவள, உங்கள அலுத்துப்போனவளா ஆக்கிட்டீங்களே."

அடித்த 'விதவுட்'டை மறுபடி படித்தேன். எந்த இலக்கணமும் இடம் தராத இடத்தில் நீ அதை நிறுத்தியிருக்கிறாய், அது நிற்கிறது.

வெள்ளிக்கிழமை ரயிலில் உன்னை அழைத்துப்போக வரலாமா?

முதல் குறிப்பு தவறு. பிழை உன்னுடையதல்ல.

நீயின்றிக் களைத்த
உன் கணவன்