நீலப்பூ ஏப்ரன்

என்னங்க,

நல்ல தூக்கத்தில் இருக்கிறீர்கள், எழுப்பவில்லை. சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக் குடியுங்கள். நான்கு மணிக்குக் குழாய் பழுதுபார்ப்பவர் வருவார். பின்கதவுச் சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது.

நேற்று உங்கள் முதல் மனைவியின் நீலப்பூ ஏப்ரனை நான் கட்டியதும், "அதை மட்டும் தொடாதே!" என்று கத்தினீர்கள். அவர் இறந்து நான்கு வருடமாகிறது. இன்னமும் அவருடைய ஐந்து ஏப்ரன்களையும் மாதம் தவறாமல் துவைத்து இஸ்திரி போடுகிறீர்கள். என் புடவைக்கு ஒரு நாளாவது இஸ்திரி போட்டதுண்டா? ஆமாம், எனக்கு வயிற்றெரிச்சல்தான். துணியைப் பார்த்து வயிறெரிகிறவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இன்று காலை வீம்புக்கு அதையே கட்டிக்கொண்டு முட்டை பொரித்தேன். உங்கள் மகள் பின்னால் வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் இங்கே வந்த இரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. அந்த அணைப்பு எனக்கா, துணிக்கா என்று தெரியாமல் உள்ளே எரிந்தது. கேட்டேவிட்டேன்.

"அம்மா வாசனை வருதான்னு பார்த்தேன் சித்தி. சோப்பு வாசனைதான் வருது."

ஏப்ரனை மடித்து உங்கள் இழுப்பறையிலேயே வைத்துவிட்டேன். மீதி நான்கையாவது இனிமேல் துவைக்காதீர்கள். ஏதாவது ஒன்றில் கொஞ்சம் மிச்சமிருக்கலாம்.

மாலை ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

பி.கு: ஒன்று எழுத விட்டுப்போயிற்று. அப்படிச் சொன்ன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. முட்டை கருகியது. நான் அசையவே இல்லை.