மழை எண்ணும் கம்பம்

வேவல்மலைத் தோட்டம்,
புசல்லாவை.
2024 மே 12

என் அன்புத் தோழி றமீஸாவுக்கு,

நீயும் வாப்பாவும் உம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே மழையோடு மல்லுக்கட்டிக்கொண்டு சுகம்தான். கண்டியில் தொழில்நுட்பம் படித்தபோது ஒரே மேசையில் ஈயம் உருக்கி விரலைச் சுட்டுக்கொண்டவள், திகனவில் வாப்பாவின் எலக்ட்ரோனிக்ஸ் கடையில் உட்கார்ந்ததும் என்னை மறந்துவிட்டாய். எங்கள் தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் இல்லை என்பது உனக்கு நல்ல சாக்கு. கடிதம் எழுதக் கை நோகிறதா?

நான் வேலை பார்க்கும் பிள்ளைமடுவம் உனக்குத் தெரியும்தானே, அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அதன் பின்னால் உள்ள மண்மேட்டில் நீளமாக வெடிப்பு விட்டிருக்கிறது. தோட்ட மனேஜர் துரையிடம் போய்ச் சொன்னேன். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். மண்ணுக்கு அடுத்த வருஷம் தெரியுமா? அதனால் நானே ஒரு வேலை செய்யப்போகிறேன். மேட்டில் நெஞ்சளவுக் கம்பம், அதன் தலையில் மழைமானி. புனலில் விழும் தண்ணீர் ஒரு சின்னத் தட்டை நிரப்பிச் சாய்க்கும். ஒவ்வொரு சாய்வையும் மைக்ரோகன்ட்ரோலர் எண்ணும். மழை அளவு மீறினால் ரேடியோ வழியாக மடுவத்துக்குச் செய்தி வந்து, சுவரில் மாட்டிய த்ரீவீல் ஹோர்ன் அலறும். எண்ணுவதற்கு இரண்டு ஈஎஸ்பி போர்ட்டும் ரேடியோவுக்கு இரண்டு லோரா மொடியூலும் நுவரெலியா பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடு.

உன்
துஷ்யந்தி


திகன.
2024 மே 20

பிரியமுள்ள துஷிக்கு,

நோன்புப் பெருநாளைக்குப் பிறகு இவ்வளவு நாளும் ஒரு வரி எழுதாதவள் என்னைக் குறை சொல்கிறாய். தன் முதுகு தனக்குத் தெரியாது.

கேட்ட சாமான் எல்லாம் எங்கள் கடைப் பெயர் அடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியை வீசாதே, மழை புகாது, போர்ட்டை அதற்குள்ளேயே பூட்டு. அன்டனாவை மாட்டாமல் கரன்ட் கொடுக்காதே. படிக்கும்போது நீ எரித்த மொடியூலை நமக்குப் படிப்பித்த சேர் இன்னும் மறந்திருக்கமாட்டார்.

அம்பிட்டியவிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். கடையில் நிற்கும் பெண் சரிவராது என்றார்கள். கடையில் நிற்கவிடாத மாப்பிள்ளை எனக்கும் சரிவராது என்று சொல்லியனுப்பினேன். உம்மா என்னோடு பேசுவதில்லை, சோறு மட்டும் போடுகிறார். உன் ஹோர்ன் கத்தினால் எழுது.

றமீஸா


வேவல்மலைத் தோட்டம்.
2024 ஜூன் 22

அன்பு றமீஸாவுக்கு,

கத்திவிட்டது. சிரிக்காமல் வாசி.

கம்பத்தை நட்டபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இனி நம் பிள்ளைகளை இதுதான் காப்பாற்றும் என்று பெண்களிடம் சொல்லிவைத்தேன். காப்பாற்றுகிற ஒன்றை எங்கள் ஆட்கள் வெறுமனே விடுவார்களா? நேற்று வெள்ளிக்கிழமை, மலைக்குப் போகும் வழியில் என் அம்மா ஞானேஸ்வரி முன்னால் நிற்க, கம்பத்துக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, உச்சியில் மஞ்சள் தண்ணீரும் இளநீரும் குடம் குடமாக ஊற்றி அபிஷேகம் செய்திருக்கிறார்கள். உச்சியில் இருப்பதோ மழைமானி. பளீரென்ற வெயிலில் பெருமழை என்று கணக்கெடுத்து ஹோர்ன் அலறியது. நான் குழந்தைகளை அள்ளிக்கொண்டு கோயில் பக்கம் ஓடினேன். தாய்மார் கூடையைப் போட்டுவிட்டு விழுந்தடித்து வந்து ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கினார்கள். தேநீர் ஆற முன்னர் மடுவம் காலி.

துரை வந்தார். வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கம்பத்தைப் பிடுங்கி வரும்படி கறுப்பையா அண்ணனை அலவாங்குக் கம்பியோடு அனுப்பினார். அண்ணன் பொட்டைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, “சாமிக்கு அலவாங்கு போட என்னால முடியாதுங்க தொரை” என்று சொல்லிவிட்டார். எனக்குச் சாமியும் தெரியாது பூதமும் தெரியாது, ஆனால் அந்த நேரம் அண்ணன் காலில் விழலாம் போலிருந்தது.

துரை விடவில்லை. அனுமதியில்லாத ரேடியோ என்று பொலிஸுக்கு எழுதப்போகிறாராம். பெட்டியைப் படமெடுத்துக்கொண்டு போனார். என்னிடம் கம்பம் வேண்டுமா வேலை வேண்டுமா என்று கேட்டார். இரண்டும் வேண்டும் என்றேன்.

உன்
துஷ்யந்தி


திகன.
2024 ஜூலை 1

துஷிக்கு,

பெட்டியில் இருந்த பெயரைப் பிடித்துக்கொண்டு பொலிஸிலிருந்து கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். தோட்டத்துக்கு என்ன சேர்க்கிட் விற்றீர்கள், தூரத்திலிருந்து எதை இயக்கும், வேறு யாருக்கு விற்றீர்கள். மரியாதையாகக் கேட்டாலும், ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு இதையெல்லாம் ஒரு முஸ்லிம் கடையில் கேட்டால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

அந்த 2018 மார்ச் கலவரத்தில் எரிந்த எங்கள் கடையை வாப்பா எப்படித் திரும்ப எழுப்பினார் என்று நீ அறிவாய். அவர்கள் போனதும் பகலிலேயே கதவைச் சாத்தினார். “இன்னொருக்கா கட்ட எனக்கு வயசில்ல மகள்” என்றார். ஒருமுறை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கம்பத்தை எடுத்துவிடு, துஷி. எனக்காக எடு. பிள்ளைகளுக்கு வேறு வழி யோசிப்போம். பயந்தவளாக உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

றமீஸா


வேவல்மலைத் தோட்டம்.
2024 ஜூலை 9

என் றமீஸாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்து அழுதேன். உன் பயம் சின்னப் பயமில்லை, வாப்பாவின் பயம் அதைவிடப் பெரியது. பெட்டியிலிருந்த கடைப் பெயரைப் பிளேட்டால் சுரண்டி எடுத்துவிட்டேன். இனி யார் கேட்டாலும் கண்டியில் எங்கோ வாங்கினேன் என்பேன்.

கம்பத்தை மட்டும் எடுக்கமாட்டேன். நீ கேட்டும் எடுக்கமாட்டேன்.

துரை என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். புதிதாக ஒரு பெண்ணை மடுவத்தில் இருத்தினார். மறுநாள் காலையில் ஒரு பிள்ளைகூட வரவில்லை. தாய்மார் எல்லாரும் இடுப்பில் குழந்தையோடு ஒப்பீஸ் வாசலில் போய் நின்றார்கள். அபிஷேகத்தன்று எவ்வளவு சீக்கிரம் பிள்ளைகளை வெளியே கொண்டுவர முடிந்தது என்று அவர்கள் கண்ணால் கண்டவர்கள். என் அம்மாதான் பேசினாள். “கம்பத்த புடுங்குனா புள்ளைங்கள விடமாட்டோம். புள்ளைங்கள விடலன்னா மலைக்கும் வரமாட்டோம்.” அன்று தோட்டத்தில் ஒரு கிலோ கொழுந்துகூட நிறுக்கவில்லை. இரண்டாம் நாள் துரை என்னைத் திரும்பக் கூப்பிட்டார். மன்னிப்புக் கடிதம் கேட்டார், நான் கொடுக்கவில்லை, அவரும் பிறகு கேட்கவில்லை. அபிஷேகத்துக்கென்று கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டுவைத்தேன். அம்மாவுக்குத் திருப்தி.

பொலிஸ் விசாரணை இன்னும் முடியவில்லை. நீ நம் சிநேகிதத்தை முறித்துக்கொண்டால் உன்னைக் குறை சொல்லமாட்டேன். கட்டாயம் அழுவேன். அழுதுகொண்டே அந்தப் புனலைத் துடைத்துவைப்பேன்.

துஷ்யந்தி


திகன.
2024 ஜூலை 28

அடி துஷி,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம். கம்பத்தை எடுக்காததற்கு இல்லை. எங்கள் பெயரைச் சுரண்டினாய் என்று எழுதியிருந்தாயே, அதற்கு. கடை எரிந்தபோதும் வாப்பா பெயர்ப்பலகையின் கரியைத் துடைத்து அதையேதான் திரும்ப மாட்டினார். தீயால் முடியாததை நீ ஒரு பிளேட்டால் செய்துவிட்டாய்.

உன் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாய்மார் ஒப்பீஸ் வாசலில் நின்ற இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, “அவங்க புள்ளயத் தூக்கிட்டு முன்னுக்கு நிக்காங்க. நாம கதவச் சாத்திட்டு ஈக்கிறோம்” என்றார். அவருக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே, எனக்கும் போகவில்லை.

உன் ரேடியோவுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன், செய்து கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. பொலிஸுக்கும் நானே போய், அதே போல ஒன்றை மேசையில் வைத்துப் புனலில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். ஹோர்ன் சத்தத்தில் ஒருவருடைய தேநீர் கொட்டியது. இவ்வளவு சத்தம் எதற்கு என்று கேட்டார்கள். “புள்ளைகள் அழுதா துரைக்குக் கேக்கல்ல சேர்” என்றேன்.

நேற்றுக் கடை முகப்பில் ஒரு புதுப் பலகை மாட்டினோம். வாப்பா ஏணியைப் பிடித்தார். மண்சரிவு மழை எச்சரிக்கைக் கருவிகள் இங்கே செய்து தரப்படும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, கீழே என் முழுப் பெயரைப் போட்டிருக்கிறேன். கழற்றிவிடச் சொல்லிப் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், கழற்றவில்லை. இனி யாரும் எங்களைத் தேடி விசாரித்து வர வேண்டியதில்லை, ரோட்டில் நின்றே வாசித்துக்கொள்ளலாம்.

றமீஸா ஸெய்னுலாப்தீன்