பிளக்கோடு போன லீவு

என் வீட்டு மகாராணிக்கு,

உன் முட்டிவலி குறைந்திருக்கும், வாய் மட்டும் குறைந்திருக்காது என்று நம்புகிறேன். நான் கல்லு மாதிரி இருக்கிறேன்.

உனக்குச் சொல்லாத சங்கதி ஒன்று. எங்கள் சூப்பர்வைசர் தன் பழைய வீடியோ கேம் பெட்டியை, நாங்கள் வேலைக்காரர்கள் சேர்ந்து தங்கும் அறையில் கொண்டுவந்து வைத்தான். "இதுல இருக்கிற எல்லா ஆட்டத்தையும் வருஷத்துக்குள்ள முடி, உன் பொண்ணு கல்யாணத்துக்கு லீவு தரேன்" என்றான். வேலை விட்டு வந்ததும் அதன் முன்னால்தான் உட்கார்ந்துகிடந்தேன். கார் ஆட்டம் சுலபமாக முடிந்தது. விமான ஆட்டத்தில் கட்டைவிரல் கொப்பளித்தது. பாறை உருளும் ஆட்டத்தில் நான் செத்த சாவுக்கு நீ இருநூறு தடவை விதவையாகியிருப்பாய்.

மிச்சம் கோட்டை ஆட்டம்தான். அந்தக் காலத்துப் பெட்டி அது, அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான் ஆட வேண்டும். அதனால் வேலைக்குப் போகும்போதும் அணைக்காமலே போனேன். நேற்றுதான் கெடு முடியும் நாள், கடைசிக் கதவு வரை வந்துவிட்டேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் குனிந்து பிளக்கைப் பிடுங்கினான்.

"ஐயய்யோ, கரண்டு போச்சேண்ணே" என்றான். அறையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய.

கல்யாணத்துக்கு எனக்கு எடுத்த சட்டையை உன் தம்பிக்குக் கொடு. தொப்பைக்குப் பொத்தான் எட்டாது, கையால் மூடிக்கொண்டு நிற்கச் சொல். கல்யாணப் போட்டோவைப் பெரிதாகப் போட்டு அனுப்பு, மகளின் முகம் தெரிய வேண்டும்.

சைரன் ஊதுகிறது, ஓட வேண்டும். மகளிடம் லீவு இல்லை என்று மட்டும் சொல். அப்பன் ஒரு வருஷம் குரங்காக ஆடிக் காட்டினான் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்