நீ பறந்து பார்த்த குளம்

அன்புள்ள மகன் தனபாலுக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு அஃப்ஷீன் எழுதுவது. நீயும் புவனாவும் குழந்தை வர்ஷினியும் ஆஸ்திரேலியாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் ஏதோ இருக்கிறேன்.

உனக்கு முடி எடுத்தது இந்திரா காந்தி அம்மாவைச் சுட்ட வருஷம். ரேடியோவில் நாள் முழுக்கச் சோக வாத்தியம். கணபதி ஊரில் உன் மாமன் புதுசாகத் திறந்த லேத்துப் பட்டறைக்குப் பூசை போட்டு, ஊரே அடைத்துக் கிடந்ததால் ஆள் வராமல், பண்ணின சுண்டலைத் தானே தின்று தீர்த்தான். அந்த ஐப்பசி மழையில் நிறைந்த நம் குளம் மாசி வரை வற்றவில்லை. மாசியில் உனக்கு முடி எடுத்தோம். கரையில் குலசாமிக்கு முடியைக் கொடுத்துவிட்டு உன்னைத் தண்ணீரில் முங்க வைத்தோம். வாய் நிறையக் குடித்துவிட்டுச் சிரித்தாய். வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை.

போன வாரம் போனில் முகம் பார்த்துப் பேசும்போது, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற விளையாட்டைக் காட்டினாய். அவிநாசிக் கோபுரத்தைத் தாண்டி நம் குளத்துக்கு மேலே வந்து வட்டம் போட்டாய். தண்ணீர் நீலமாக, அலை அடித்துக்கொண்டு கிடந்தது. வர்ஷினி கை தட்டினாள். பாருங்கப்பா, குளம் எப்படி நெறஞ்சு கெடக்குது, பாப்பாவுக்கு மூணு முடியறதுக்குள்ள மாசியில வந்து இங்கயே முங்க வெச்சு முடி எடுத்துப்போடலாம் என்றாய். மறுநாளே டிக்கெட் போட்டுவிட்டதாகவும் சொன்னாய். எத்தனையோ வருஷமாகக் கூப்பிட்டும் வராதவன் நீ. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வேறு பேச்சு பேச முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

அந்த விளையாட்டைச் செய்தவர்கள் குளம் என்றாலே நீலத்தைப் பூசிவிடுவார்கள் போலிருக்கிறது. இங்கே ஊர்ச் சாக்கடையும் சாயத் தண்ணீரும் வந்து விழுகின்றன. மழை பெய்தால் நுரை கரையேறி ரோட்டுக்கு வந்து, வண்டிக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள். குளத்தைப் பார்த்தாலே இந்த மாசம் சீமைக்கு எந்தக் கலர் பனியன் போகுதுன்னு தெரிஞ்சுக்கலாமுங்க என்று அஃப்ஷீனின் மாமியார் பாத்திமுத்து கேலி பேசுகிறார்.

உன் பேச்சைக் கேட்டபின் எனக்கும் ஒரு நப்பாசை. மறுகரையிலாவது தெளிந்திருக்குமோ என்று இறங்கிப் பார்த்தேன். கணுக்கால் வரை கொப்புளித்துவிட்டது. ஊசி போட்டாயிற்று, பயப்படாதே. செருப்புதான் போட முடியவில்லை.

இந்த இடத்தில் அஃப்ஷீன் பேனாவை வைத்துவிட்டாள். ஏனுங்கய்யா, இதைச் சொன்னா உங்க பையன் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிப்போடுவாருங்க, வந்து எறங்கட்டும், அப்புறமா சொல்லிக்கலாம் என்கிறாள். அந்த எண்ணம் எனக்கும் வராமலில்லை. கரைக்கு வந்து நின்றபின், வந்தது வந்தாயிற்று, ஒரு முங்குதானே என்று யாராவது பிள்ளையைத் தூக்கி இறக்கிவிட்டால்? நீ எழுது அம்மணி, அது பச்சப்புள்ளையோட ஒடம்பு என்று சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறாள்.

குழந்தையை அந்தத் தண்ணீரில் இறக்காதே கண்ணு. கால் நனைக்கவும் விடாதே. பாத்திமுத்து வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. புதுக்குடத்தில் பிடித்து வைக்கிறேன், கரையில் வைத்து ஊற்றிக்கொள்ளலாம். சாமி குற்றம் என்று புவனா யோசிக்க வேண்டாம். அந்த நாற்றத்துக்குள்ளேதான் சாமியும் உட்கார்ந்திருக்கிறது, அதற்குத் தெரியாதா?

குளம் பார்க்க வருவதானால் வராதே. பார்க்க ஒன்றுமில்லை.

ஆனால் முறை ஒன்று இருக்கிறது. முடி எடுத்த பிள்ளையின் தலையில் முதல் கைத் தண்ணீரைப் பாட்டன் முறையில் உள்ள பங்காளி ஒருவர்தான் ஊற்ற வேண்டும். அவரும் அதே கரையில் முடி கொடுத்தவராக இருக்க வேண்டும். உனக்கு ஊற்றியது என் பெரியப்பா ராக்கியப்பன். வர்ஷினிக்கு அந்த முறையில் நாலு பேர் இருந்தோம். நாச்சிமுத்துவைக் கொரோனா கொண்டுபோனது. செங்கோடன் போன ஆடியில் போய்விட்டான். சின்னமுத்துவுக்குப் பொங்கல் கழிந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்தது.

மகராசியாக இருக்கட்டும் குழந்தை. அவள் தலையில் தண்ணீர் ஊற்ற மிச்சம் இருப்பவன்,

பாலுசாமி.