பெயர் சொல்லி ஜெபித்த சனிக்கிழமை

கட்டுகஸ்தோட்டை,
14 செப்டம்பர் 2025, ஞாயிறு.

கர்த்தருக்குள் பிரியமான என் மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது. அப்படி எழுதினால் பொய். அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை, எனக்கு முழங்கால் வலி, சமையலறைக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது. நீ என் நம்பரை ப்ளொக் பண்ணி ஏழு மாதமாகிறது. கடிதத்தை ப்ளொக் பண்ண முடியாது என்றுதான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

பக்கத்து வீட்டு ருக்கியாவின் மகன் ஸிபான் செவ்வாய்க்கிழமை நீ இருக்கும் டோஹாவுக்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ ருக்கியாவோடு வாராவாரம் பேசுவது எனக்குத் தெரியும். மதிலோரம் துணி காயப்போடும்போது அவள் உன்னோடு பேசிச் சிரிப்பது கேட்கும். நீ என்ன சொன்னாய் என்று போன வாரம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "எனக்கிட்ட சொன்னத நான் ஒத்தருக்கும் சொல்ல மாட்டேன். ஒங்களுக்குந்தான்," என்றாள். கோபம் வந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு அழுகை வந்தது. எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி எழுதப்போவது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயால் நீ அதைக் கேட்டதில்லை.

பதினொரு வருடம் நம் வீட்டில் சனிக்கிழமை ஜெபக்குழுவை நடத்தினேன். நான் எடுத்து நடத்துவதற்கு முன்பு அது எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நடராஜா அங்கிள் ஜெபத்தை இஸ்ரவேலில் தொடங்கி இலங்கைக்கு வந்து சேருவதற்குள் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள். நான்தான் கதிரைகளை வட்டமாகப் போட்டேன். ஒருவருக்கு இரண்டு நிமிஷம், கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரே ஒரு வரி, எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர் பெயரைச் சொல்ல வேண்டும். கடிதத்துக்கு முகவரி எழுதுகிறீர்களே, ஜெபத்துக்கு ஏன் எழுதுவதில்லை என்று கேட்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். போதகரே ஒரு தரம் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது.

அதனால்தான் உனக்குப் பார்த்திருந்த யுகேஷின் பெரியம்மாவை அந்தச் சனிக்கிழமை கம்பளையிலிருந்து வரச் சொன்னேன். சம்பந்தம் ஏறக்குறைய முடிவான நேரம். நம் வீட்டு ஜெபத்தை அவர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பார், அன்றைக்கென்று மழை. பதினான்கு பேர் வந்தும் கூட்டத்தில் உயிரில்லை. ஆளுக்கு ஒரு வரியோடு முடித்துக்கொண்டார்கள். அந்த அம்மா கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதை நான் பார்த்தேன்.

கண்ணை மூடியிருக்க வேண்டியவள் நான்.

உடனே நான் ஆரம்பித்தேன். உன் பெயரைச் சொன்னேன். உன் கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதியிருந்ததைச் சொன்னேன். நீ ஒன்றரை வருடமாக எடுக்கும் மாத்திரையின் பெயர் உட்பட, எல்லாவற்றையும் ஆண்டவரிடம் சொல்வதுபோல் அவர்களுக்குச் சொன்னேன். "இது நமக்குள்ள மட்டும் இருக்கட்டும்மா" என்று நீ சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை என்றுதான் இத்தனை நாளும் அப்பாவிடம் சொல்லி வந்தேன். அதுவும் பொய். நினைவுக்கு வந்தது. அதற்குள் நாலு பேர் விம்மத் தொடங்கியிருந்தார்கள். நடராஜா அங்கிள் முழங்காலில் நின்றார். நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நான் நடத்திய ஜெபங்களிலேயே நன்றாக அமைந்தது அதுதான். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது, மகளே. இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது நீ பிளேன்டீ தட்டோடு வாசற்படியில் நின்றாய். பதினான்கு பேருக்கும் நீயே கொடுத்தாய். ஒருவர்கூட உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ கடிக்கப் பணிஸ் வேண்டுமா என்று மட்டும் கேட்டாய். பிறகு எல்லாக் கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாய். புதன்கிழமை கம்பளையிலிருந்து போன் வந்தது. கர்த்தருடைய சித்தம் வேறாக இருக்கிறதாம். என் ஜெபத்துக்கு எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது அந்தப் பெரியம்மாதான்.

குழுவை இப்போது புஷ்பம் டீச்சர் தன் வீட்டில் நடத்துகிறார். போதகர் என்னிடம், கொஞ்சக் காலம் ஓய்வெடுங்க, என்றார். எனக்கு ஓய்வு வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. டீச்சர் ஒரு புது ஒழுங்கு கொண்டுவந்திருக்கிறார்: இனி யார் பெயரையும் சொல்லக்கூடாது, ஒரு சகோதரி, ஒரு சகோதரன் என்றே ஜெபிக்க வேண்டும். நல்ல ஒழுங்குதான். நேற்று அவர், "மகளைப் பிரிந்து வாடும் ஒரு தாயாருக்காக" என்று ஜெபித்தார். பன்னிரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்கள். முடிந்ததும் எனக்குத்தான் முதலில் தேநீர் கொடுத்தார்கள், முகத்தைப் பார்க்காமல். கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீ அன்று ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பதினான்கு கோப்பையை எப்படித் தூக்கினாயோ.

அப்பா சனிக்கிழமைகளில் வாவிப் பக்கம் நடக்கப் போய்விடுகிறார். வீட்டில் இரவு எட்டு மணி ஜெபத்துக்கும் உட்காருவதில்லை. என்னைத் திட்டுவதுமில்லை. திட்டினால் பரவாயில்லை போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தில் உன் பெயரை எங்கும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். கவரில் மட்டும் இருக்கிறது. வீட்டிலும் நான் சத்தமாகச் சொல்வதில்லை. ஜெபிக்கும்போது வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று ஆண்டவருக்குத் தெரியாதா என்ன. இதை நான் பதினொரு வருடத்துக்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அங்கே வெயில் அதிகம் என்று ஸிபான் சொன்னார். தண்ணீர் குடி. மருந்தை உன் இஷ்டத்துக்கு நிறுத்திவிடாதே. எடுக்கிறாயா இல்லையா என்று நான் கேட்கவில்லை, நீ எனக்குச் சொல்லவும் வேண்டாம்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ மன்னிக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும். நம் வீட்டில் உன்னை அப்படித்தான் வளர்த்தேன். அதனால் அதைக் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் போன் எடுத்து என்னை ஆசைதீரத் திட்டு. திட்டும்போது எப்படியும் ஒரு தரம் அம்மா என்று வந்துவிடும். எனக்கு அது போதும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா.