தலையணை மேல் ஒற்றைக்கால்

அன்பும் ஆடும் கணுக்காலும் கொண்ட அக்காவுக்கு,

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: திங்கட்கிழமை முதல் நம் வீட்டில் எவரும் இரண்டு காலில் நின்று பல் துலக்கக் கூடாது. சட்டத்தை இயற்றியவன் நான். மீறியவர் அப்பா. "பல்லு விளக்கவா, சர்க்கஸ் காட்டவா?" என்று என்னைத் திட்டிவிட்டு, யாரும் இல்லை என்று நினைத்துக் குழாயைப் பிடித்தபடி ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். நான் இருந்தேன்.

காரணம் நீதான். ஞாயிறன்று நீ வாலிபால் பயிற்சி விடுதியிலிருந்து போனில் அம்மாவிடம் அழுதது எனக்கும் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை, காது தானாகப் போய்க் கதவில் ஒட்டிக்கொண்டது. தோழிகள் எல்லாம் வலைக்கு மேலே எகிறி எகிறிப் பந்தை அடிக்கிறார்களாம், நீ மட்டும் மூலையில் ஒற்றைக்காலில் நிற்கிறாயாம். கணுக்கால் அடிக்கடி மடங்குவதால், அது உறுதியாகும்வரை பந்தைத் தொடக் கூடாது என்று பிசியோ மேடம் சொல்லிவிட்டாராம். "இதெல்லாம் ஒரு பயிற்சியாம்மா? சின்னப் பசங்க விளையாட்டு. பெட்டியைக் கட்டிட்டு வந்துடறேன்" என்றாய். அணித் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதா?

சின்னப் பசங்க விளையாட்டென்றால் சின்னப் பையன் நான் எதற்கு இருக்கிறேன்? விடுமுறையில் நீ செய்து காட்டியதெல்லாம் எனக்கு அத்துப்படி. கட்டில் காலில் ரப்பர் பட்டையைக் கட்டிப் பாதத்தால் இழுத்தேன். மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கினேன். பூனை மாதிரி சத்தமில்லாமல் குதித்து இறங்கினேன். கீழ்வீட்டு ஆன்ட்டி ஏறி வந்து, "மேல என்ன, யானை வளக்கறீங்களா?" என்று கேட்டார். பொறாமை.

நேற்று இறுதிக் கட்டம். தலையணையை மடித்துப் போட்டு, அதன்மேல் ஒற்றைக்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் பந்தை எறிந்தேன். மலை அசைந்தாலும் நான் அசையவில்லை. உன் இடத்துக்கு நானே தேர்வுக்குப் போகலாமா என்றுகூட யோசித்தேன். பெண்கள் அணி என்பதுதான் சின்ன இடைஞ்சல்.

அம்மா எழுதச் சொன்னது: நீ வந்தாலும் திட்ட மாட்டாளாம். அப்பா ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு வருவாராம். உன் கட்டிலுக்குப் புது விரிப்புக்கூடப் போட்டுவிட்டாள்.

அந்தக் கட்டிலில் படுத்துத்தான் இதை எழுதுகிறேன். காலை உன் இரண்டு தலையணைகள் மேல் தூக்கி வைத்து, அதன்மேல் ஐஸ் மூட்டை வைத்திருக்கிறார்கள்.

என்ன ஆயிற்றென்றால், எறிந்த பந்து திரும்பி வந்தது. அதைப் பிடிக்க நான் அங்கே இல்லை, தரையில் இருந்தேன். கணுக்கால் இப்போது பந்து சைஸில் இருக்கிறது. எலும்புக்கு ஒன்றுமில்லை, வெறும் சுளுக்குதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அவளோட நல்ல கால் ஒண்ணு, உன்னோட நல்ல கால் ஒண்ணு, ரெண்டையும் சேத்தா வீட்டுக்கு ஒரு ஜோடி தேறும்" என்கிறாள் அம்மா.

நீ கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுப் பாட்டு முடியும்வரை நிற்கிறாயாமே, மடங்குகிற காலில்? இரண்டு நல்ல கால் இருந்தும் நான் ஒரு நாள்கூடப் பல்லவியைத் தாண்டவில்லை, அக்கா. பல் துலக்கும்போதும் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அப்பா என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

ஆகவே கட்டில் காலியில்லை, பெட்டியைக் கட்டாதே. வீக்கம் வடிந்ததும் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று பிசியோ மேடத்திடம் கேட்டு எழுது. நீ அங்கே மூலையில் நில். நான் இங்கே குழாயடியில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு காலில் மட்டும் செருப்புப் போடும்
உன் தம்பி